அவர் வாங்காத கடன்

என் கணவர் மக்பூல் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டியதும் வரும் வளைவில், ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். முன்பணம் வாங்க மாட்டார். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் மாட்டார். வண்டி கேட்பவரைக் கடை முன்னால் ஒரு சுற்று ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். திருப்பத்தில் காலைத் தரையில் ஊன்றுகிறவருக்கு வண்டி கிடையாது. "வேற கடைல கேளுங்க. எனக்கு வண்டியும் முழுசா வேணும், நீங்களும் முழுசா வேணும்" என்று தமிழிலேயே சொல்லி அனுப்புவார். இத்தாலிக்காரருக்கும் ரஷ்யக்காரிக்கும் அது எப்படியோ புரிந்துவிடும். சிரித்துக்கொண்டு போவார்கள்.

கடையில் நின்ற வண்டிகளில் பாதி அவருடையவை அல்ல. வருஷத்தில் ஆறு மாதம் இங்கே தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்க ஆசைப்படுவார்கள். அவர்கள் பெயரில் பதிவு செய்வது பெரிய தொல்லை. அதனால் நம்பிக்கையான உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி ஓட்டுவார்கள். ஊருக்குப் போகும்போது அவரிடமே விட்டுப் போவார்கள். செங்கம் சாலையில் அந்த நம்பிக்கையான ஆள் பெரும்பாலும் என் கணவர்தான். "அமானிதம் மெஹ்ரு, நம்மள நம்பிக் குடுத்த பொருளு, அது மேல நாம ஒக்காந்துகூடப் பாக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்வார். அந்த வண்டிகளைத் துடைத்து, பேட்டரி இறங்காமல் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைப்பார். ஒருமுறை ஹெல்கா என்ற அம்மா ஜெர்மனியிலிருந்து, இனி என்னால் வர முடியாது, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். இவர் அதை விற்று, பணத்தை அவர் பேத்தியின் கணக்குக்கு அனுப்பிய பிறகுதான் தூங்கினார்.

இப்படி அடிக்கடி வண்டி பதிவு செய்ய வேண்டியிருந்ததால், அவர் ஆதார், பான் நகல்களும் பாஸ்போர்ட் அளவு போட்டோக்களும் ஒரு கட்டாக எப்போதும் கடையில் இருக்கும். எந்த ஷோரூம் பையன் வந்து கேட்டாலும் இரண்டு செட் எடுத்துக் கொடுத்துவிடுவார். அடுத்தவருடைய பொருளை அவ்வளவு பத்திரமாகப் பார்த்தவர், தன் பெயரை அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை.

கடன் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. வட்டி ஹராம் என்பது எல்லா முஸ்லிம்களுக்கும் தெரியும். தெரிந்தும் நகையை அடகு வைக்கிறோம், தவணையில் டிவி வாங்குகிறோம். இவர் வைத்ததுமில்லை, வாங்கியதுமில்லை. எங்களுக்குச் சொந்த வீடு இல்லாததற்குக் காரணம் அதுதான். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரே வாடகை வீட்டில் கல்யாணம் ஆனதிலிருந்து இருக்கிறோம்.

கடனுக்கு அவர் அப்படிப் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களில் ஒருவர் இறந்தால், ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகனோ தம்பியோ கூட்டத்தின் முன் நின்று, இவர் யாருக்காவது கடன் பட்டிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று அறிவிக்க வேண்டும். என் மாமனார் இறந்தபோது அப்படி அறிவித்ததும் ஒருவர் கை தூக்கியிருக்கிறார். வெல்லமண்டி வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், கேட்டார்கள், சொன்னார். இவருடைய பெரியப்பா அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும்வரை தொழுகை தொடங்கவில்லை. சந்தூக்குப் பெட்டியில் அத்தா காத்துக்கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று கல்யாணமான புதிதில் இவர் என்னிடம் சொன்னார். "எனக்கு அப்படி ஒரு கை மேல வரக் கூடாது மெஹ்ரு." அவர் கேட்ட ஒரே வசதி அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, விமல்ராஜ் என்ற இளைஞர் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனியிலிருந்து கடைக்கு வந்தார். கம்பெனி வண்டிகளைக் கடையில் நிறுத்தலாம், வாடகையில் பங்கு தருவோம், கடன் எதுவும் கிடையாது என்றார். இவருக்குப் பிடித்திருந்தது. விவரங்களை வாங்கிப் போனவர் மறு வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு பைக் லோன் கட்டாம நிக்கிது. வராக்கடன்னு போட்டுட்டாங்க. கம்பெனில ஒத்துக்க மாட்டேங்கறாங்க."

"யாரு லோனு?"

"உங்க லோனுதான்."

"நான் வாங்குனதே இல்லியே தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் பாய் சொல்றாங்க" என்று விமல்ராஜ் சிரித்திருக்கிறார். இவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் தனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா பாய், ஊரே வட்டிக்கு வாங்குது, ஒருத்தன் பேரும் கெடல. வாங்காத ஒரே ஆளு நீதான், ஒன் பேரு கெட்டுப்போச்சா? நான் வாரா வாரம் குழுவுக்குக் கட்டறேன், எனுக்கு நூத்துக்கு நூறு போட்டிருப்பான் பாரு!" என்று தட்டைக் கழுவிக்கொண்டே கத்தினாளாம். அன்று சாயங்காலம் அதை என்னிடம் சொல்லிக் காட்டினார். அவளுடைய குரலிலேயே சொன்னார். சொல்லி முடித்ததும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அறிக்கையை இணையத்தில் எடுத்துப் பார்த்தது நான்தான். நான் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள், வீட்டில் மனு, விண்ணப்பம் எல்லாம் என் வேலை. பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் அவருடையவை. முகவரி மட்டும் போளூரில் ஒரு தெரு. அலைபேசி எண் யாருடையதோ. ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடன். சில தவணைக்குப் பிறகு கட்டவில்லை. யாரோ ஒரு ஷோரூம் ஆள் அவர் கொடுத்த நகல்களில் ஒரு செட்டை வைத்து வேலையை முடித்திருக்க வேண்டும். கடன் போட்ட தேதியை வைத்து எந்த ஷோரூம் என்றும் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

தவறைத் திருத்துவதற்கு வழி உண்டு. அறிக்கை தரும் நிறுவனத்தின் தளத்திலேயே ஆட்சேபணை போடலாம். போட்டேன். அவர்கள் அதைக் கடன் கொடுத்த கம்பெனிக்கு அனுப்பி, இது சரியா என்று கேட்பார்கள். கம்பெனி சரி என்றால் சரி. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: தரவு சரிபார்க்கப்பட்டது, மாற்றம் இல்லை.

திரும்பவும் போட்டேன். அதே பதில் வந்தது. பைனான்ஸ் கம்பெனிக்கு நேராக எழுதினேன். உங்கள் அடையாள ஆவணம் திருடப்பட்டது என்றால் போலீஸ் புகார் எங்கே என்றார்கள். காவல் நிலையத்தில், முதலில் கம்பெனிக்காரனிடம் இது உங்களுடையதில்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். கெஞ்சிக் கேட்டதும் ஒரு மனு ரசீது கொடுத்தார்கள். அதை அனுப்பினால், ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கம்பெனி எழுதியது. அதற்குள் கம்பெனி தன் பழைய கடன்களையெல்லாம் சென்னையில் இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. பழைய கம்பெனி புதியதைக் கேட்கச் சொன்னது. புதிய கம்பெனி, எங்களுக்கு வந்ததே இப்படித்தான், பழைய கம்பெனியைக் கேளுங்கள் என்றது.

பேட்டரி ஸ்கூட்டர் கைவிட்டுப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை. அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. அறிக்கையில் அந்த வரி இருப்பதுதான் அவரை அரித்தது. அந்த வருஷமே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வேலூருக்குப் போய்ப் பார்த்ததில் இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டியதும் என்னிடம் கேட்டார்: "அந்த லெட்டருக்குப் பதில் வந்துச்சா?"

எங்கள் பள்ளிவாசல் இமாமிடமும் போய்க் கேட்டிருக்கிறார். ஹஜ்ரத் பொறுமையானவர். "பாய், நீங்க வாங்கலன்னா அது உங்க கடன் இல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும் ஹஜ்ரத். அங்க எனக்கு பயம் இல்ல. இங்க, ஜனங்க முன்னால எம்மவன் நின்னு கேப்பானே, அப்ப ஒருத்தன் இந்தப் பேப்பர எடுத்துக்கினு வந்து நின்னா?"

"யாரு பாய் அப்படி வருவாங்க?"

"எங்க அத்தாவுக்கும் யாரும் வர மாட்டாங்கன்னுதான் நெனச்சாங்க."

எங்கள் மகன் ரபீக் சென்னையில் ஏசி மெக்கானிக். "அத்தா, எந்த பைனான்ஸ்காரன் கபருஸ்தானுக்கு வரப் போறான்? அவனுக்கு வழியே தெரியாது" என்று கேலி செய்தான். ஆனால் லீவு போட்டு வந்து என்னைப் போளூருக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். அறிக்கையில் இருந்த முகவரியைத் தேடிப் போனோம். வீடு நிஜமாகவே இருந்தது. தசரதன் என்ற ஓய்வுபெற்ற நடத்துநர் கதவைத் திறந்தார். மக்பூல் என்பவர் இங்கே குடியிருந்தாரா என்று கேட்டோம்.

"மக்பூலா? நான் கட்டுன வீடும்மா இது. என் பொண்டாட்டியத் தவிர யாரும் குடியிருந்ததில்ல. அவளே இருக்க மாட்டேன்னு ரெண்டு தபா அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

உள்ளேயிருந்து, "மூணு தபா" என்று குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவனோ வாங்கித் தின்னதுக்கு என் வீட்டு நம்பரா? குடும்மா பேப்பர!" இங்கே அப்படி ஒருவர் குடியிருந்ததே இல்லை, கம்பெனியிலிருந்து யாரும் வந்து விசாரிக்கவும் இல்லை என்று தன் கையால் எழுதி, வீட்டு வரி ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தார்கள்.

அதை வைத்து எழுதிய கடிதத்துக்குத்தான் முதல் முறையாக ஒரு மனிதரிடமிருந்து பதில் வந்தது. புதிய கம்பெனியின் குறைதீர் அதிகாரி போனிலேயே பேசினார். "மேடம், முகவரி சோதனை நடக்கலைங்கறது தெளிவா இருக்கு. கமிட்டில வச்சு அக்கவுண்ட எடுத்துடலாம். மாசக் கடைசில உங்களுக்கு மெயில் வரும்" என்றார். போனை வைத்துவிட்டு நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். இவர் அப்போது ஆபரேஷனுக்கு முந்திய சோதனைகளுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நேரில் சொல்ல வேண்டும் என்று மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துப் போனேன்.

அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பல மாதங்களாகப் பார்க்காத தெளிந்த முகம்.

"வா மெஹ்ரு. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். முடிஞ்சுது."

"என்னா முடிஞ்சுது?"

"கட்டிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எதக் கட்டுனீங்க?"

"அந்த பைக் கடன. அந்த சென்னை கம்பெனிலேர்ந்து, நீ லெட்டர்ல போட்ட நம்பருக்கு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, பூஜான்னு பேரு சொல்லுச்சு. பாவம், நல்லாத்தான் பேசுச்சு. ஐயா, முழுசாக் கட்ட வேணாம், ஒரு தொகைக்கு முடிச்சிக்கலாம், அன்னிக்கே கடன் இல்லன்னு லெட்டர் குடுத்துடுவோம்னுச்சு. நாளைக்கோ நாளானிக்கோ என்ன அறுக்கப் போறாங்க. அப்படியே போயிட்டா? நம்ம சொந்த வண்டி, அந்தக் கருப்ப, தனத்துக்கிட்ட சொல்லி வித்துட்டேன். பணத்த அவதான் போன்ல அனுப்பி வுட்டா. பாரு, மெசேஜ் வந்திருக்குது."

போனை நீட்டினார். தங்கள் கணக்கு பரஸ்பர ஒப்புதலின் பேரில் முடித்துவைக்கப்பட்டது என்று இருந்தது.

"ஒங்கள்து இல்லாத கடன எதுக்குங்க கட்டுனீங்க?"

"தானம்னு நெனச்சிக்கிறேன். எவனோ ஒருத்தன் கடன நான் அடைச்சேன். போவட்டும். இனிமே யாரும் கை தூக்க முடியாதில்ல?"

என் பையில் தசரதன் கடிதத்தின் நகல் இருந்தது. கமிட்டி பற்றி அதிகாரி சொன்னதை நான் குறித்து வைத்த தாளும் இருந்தது. இரண்டையும் வெளியே எடுக்கவில்லை. ஒரு மனிதன் ஆபரேஷனுக்குப் போகும்போது அதையெல்லாம் காட்டக் கூடாது.

ஆபரேஷனில் பிழைத்தார். ஆனால் பலம் வரவில்லை. கடையில் போய் உட்காருவார். வண்டி துடைக்க முடியாது. மாதக் கடைசியில் மெயில் வந்தது. கடன்தாரர் தாமாக முன்வந்து செலுத்தி ஒப்புக்கொண்டுவிட்டதால், கணக்கு தன்னுடையது அல்ல என்ற புகார் முடிக்கப்படுகிறது. அந்த அதிகாரியைப் போனில் பிடித்தேன். அவருக்கே சங்கடம். "சார் கட்டாம இருந்திருந்தா எடுத்திருப்போம் மேடம். கட்டிட்டா எங்க கைல ஒண்ணும் இல்ல. இல்லாத கடன யாரு மேடம் கட்டுவாங்க?"

யார் கட்டுவார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மேலே இருக்கும் குறைதீர்ப்பாளருக்கும் எழுதிப் பார்த்தேன். கம்பெனி பணம் வந்த ரசீதைக் காட்டியது. இரு தரப்பும் தீர்த்துக்கொண்ட விஷயம் என்று அங்கேயும் முடிந்தது.

புதிய அறிக்கையை அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒருநாள் எடுத்துக் காட்டினேன். வராக்கடன் என்ற சொல் போயிருந்தது. அதற்குப் பதிலாக செட்டில்டு என்று இருந்தது.

"அப்படின்னா?"

"முழுசாக் கட்டல, கொஞ்சம் கட்டி முடிச்சிக்கிட்டாருன்னு அர்த்தம்."

"மீதி?"

"அவங்க விட்டுக் குடுத்துட்டாங்க."

"விட்டுக் குடுத்தாங்கன்னா, நான் பட்டது நெசம்னு ஆவுதே மெஹ்ரு" என்றார். பிறகு, "நான் கட்டுனதுல வட்டி எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தெரியும். மெயிலின் அடியிலேயே பிரித்துப் போட்டிருந்தார்கள். அவர் கட்டியது முழுக்க வட்டிக்குத்தான் வரவு வைக்கப்பட்டிருந்தது. அசலைத்தான் விட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆயுளில் ஒரு காசு வட்டி கொடுக்காத மனிதர், கடைசியில் கொடுத்தது வட்டி மட்டும்தான். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அறிக்கையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். தனம் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "நான் அனுப்பாம இருந்திருக்கணும்க்கா. அந்த மனுசன் சிரிச்சிக்கினே கேட்டாரு, நானும் அனுப்பிட்டேன்" என்று அழுதாள். இவர் உள்ளே படுத்திருந்தபடியே, "தனம், இட்லி கொண்டாந்தியா, அழத்தான் வந்தியா?" என்றார். அவள் கொண்டுவந்திருந்தாள். இவரால் ஒன்றுதான் சாப்பிட முடிந்தது.

ஒரு பௌர்ணமி அன்று காலையில் இறந்தார். கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்தார்கள். வண்டி எதுவும் போக முடியாது. சந்தூக்கைத் தோளிலேயே தூக்கிப் போனார்கள். மலை சுற்ற வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்களாம். தொழுகைக்கு முன்னால் ரபீக் கூட்டத்தின் முன் நின்று அறிவித்தான். யாரும் கை தூக்கவில்லை. ஹஜ்ரத் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தார் என்று ரபீக் சொன்னான். யார் கைக்காகவும் அல்ல. என் கணவர் எதற்குப் பயந்தார் என்பது ஹஜ்ரத்துக்குத் தெரியும்.

கூட்டத்தில் நின்றவர்கள் அவர் யாருக்கும் கடன்படவில்லை என்று கலைந்து போனார்கள். அவருக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரி எங்கேயோ ஒரு கணினியில் இருக்கிறது. யார் பணம் கட்டி எடுத்தாலும், மக்பூல் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டவில்லை, கொஞ்சம் கட்டி முடித்துக்கொண்டார் என்று அது சொல்லும். அவர் வாழ்ந்ததைப் பற்றி அரசாங்கத்திடமோ கம்பெனிகளிடமோ வேறு எழுத்து ஏதும் பெரிதாக இல்லை.

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருப்பதால் வெளியே போக முடியாது. ரபீக்தான் மகன் என்ற முறையில் அறிக்கை தரும் நிறுவனத்துக்குக் கடைசியாக ஒரு தடவை எழுதிப் பார்த்தான். முதலில் இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றச் சொன்னார்கள். செய்தான். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் நாங்கள் அனுப்பிய ஒரு தாளை ஏற்று அவர்கள் செய்த ஒரே திருத்தம் அதுதான்: பெயருக்குப் பக்கத்தில், இறந்துவிட்டார் என்று. கடன் பற்றிய கோரிக்கைக்குத் தனியாகப் பதில் வந்தது. கணக்கு வைத்திருந்தவரிடம் இனி உறுதிசெய்ய இயலாது என்பதால் அது முடிக்கப்பட்டது.

ரபீக் அதை வாசலுக்குப் பக்கத்தில் நின்றபடி படித்துக் காட்டினான்.

"இன்னொரு தடவ எழுதட்டுமாம்மா?"

"யாருக்குப்பா?"

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "சில வருஷம் போனா அதுவா அழிஞ்சிடும்மா. அதான் ரூலு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அத்தா பேர்லதான் இருக்கும்."